ஓடுகிற சத்தம், நிற்கிற சத்தம்

பழைய இசைத்தட்டைக் கணினியில் ஏற்ற எந்த பிளேயர் வாங்கலாம், முள் எங்கே கிடைக்கும், எந்த மென்பொருள் இலவசம் என்று கேட்டுத்தான் நீங்கள் எல்லோரும் என்னைக் கூப்பிடுகிறீர்கள். சொல்லிவிடுகிறேன். பழைய பிளேயர் போதும். முள் மட்டும் புதிதாக இருக்கட்டும். கணினி எதுவானாலும் சரி. பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், வேர்க்கட்டும். கருவியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. ஒரு பழைய இசைத்தட்டு சுழலும்போது பாட்டு மட்டுமா வருகிறது? தூசி வருகிறது, கீறல் வருகிறது, யாரோ இருமியது வருகிறது. இதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று நீங்கள் தனியாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய ஒரு நேரம் உண்டு. பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். தட்டைக் கொடுத்தவர் போனில் அவசரப்படுத்திக்கொண்டிருப்பார். அப்படி ஒரு நேரத்தில் நான் ஒருமுறை சரியாக நின்றேன். அதைப் பெருமையாகவே சொல்லப்போகிறேன். அடக்கமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் ஒரு விஷயம். நான் இசை படித்தவன் இல்லை. நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பகுதியில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வில் வெளியே வந்தவன். மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடும் ரப்பர் ஆறு அந்த பெல்ட். அடியில் வரிசை வரிசையாக ரோலர்கள். மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் அதன் பக்கத்தில் நடந்துகொண்டே கேட்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

சத்தம் வித்தியாசமாக இருக்கிறது என்று போய்ச் சொன்னால் எங்கள் பிரிவில் யாரும் என்ன சத்தம் என்று கேட்க மாட்டார்கள். ‘ஓடுற சத்தமா, நிக்கிற சத்தமா?’ என்றுதான் கேட்பார்கள். நீங்கள் ஓரிடத்தில் நிற்கிறீர்கள். அந்தச் சத்தம் தூரத்திலிருந்து வந்து, உங்களைக் கடந்து போய், பெல்ட் ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி வருகிறதா? அது ஓடுகிற சத்தம். பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டு போவது. பெரும்பாலும் ஜாயின்ட்டாக இருக்கும். பெல்ட்டின் இரண்டு முனைகளைச் சேர்த்து ஒட்டிய இடம். வேறு மாதிரி, போகவும் மாட்டேன் வரவும் மாட்டேன் என்று ஒரே இடத்தில் இருந்துகொண்டு கத்துகிறதா? அது நிற்கிற சத்தம். அங்கே ஏதோ ஒரு ரோலருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

சேர்ந்த புதிதில் ஒரு மழை நாள். பெல்ட்டில் திடீரென்று தட், தட் என்று ஒரு அடி. கன்ட்ரோல் ரூமிலிருந்து போன். ‘நிறுத்தணுமா வேணாமா, ஒரு வார்த்தை சொல்லு.’ அந்த பெல்ட்டை நிறுத்தினால் அதற்கு முன்னால் மண்ணை வெட்டிக்கொண்டிருக்கும் ராட்சத இயந்திரமும் நிற்கும், பின்னால் இருக்கும் எல்லாமும் நிற்கும். ஜாயின்ட் கிழிகிறது என்றால் நிறுத்தாமல் விடுவதும் ஆபத்து. டார்ச் அடித்து ரோலர்களுக்கு இடையே துழாவினேன். கூட நின்ற ஒருவர், பெயர் வேண்டாம், என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அணைத்தார்.

‘இன்னாத்துக்கு அங்க பாத்துக்கினு கீற? கண்ணை மூடு. கண்ணு வேல செஞ்சா காது லீவு போட்டுடும்.’

கண்ணை மூடினேன். மழை. ரப்பர். மழை. தட். அது நகரவில்லை. என் இடது பக்கத்தில், அதே இடத்தில் இருந்தது.

‘நிக்கிற சத்தம்’ என்றேன் போனில். ‘ஓடட்டும்.’

ஓடியது. அடுத்து பெல்ட் நின்றபோது அந்த ரோலரைக் கழற்றி மாற்றினோம். எனக்கு யாரும் மாலை போடவில்லை. ஆனால் வீட்டுக்கு சைக்கிளில் திரும்பிய அந்த வழி முழுக்க நான் ஒரு மகாராஜா.

இந்தக் காதோடுதான் இசைத்தட்டுக்கு வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாத கால் எனக்கு. என் மனைவி மங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் இருக்கிறது என்பதால் நான் அந்த வீட்டில் ஒரு வகையில் விருந்தாளி. சமையலறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமை எனக்கு ஒதுக்கினாள். ‘அரிசி டின் நகராது, மத்த எடம் உங்களுது’ என்பது ஒப்பந்தம். புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை தெருச்சந்தையில் ஒரு பிளேயர் கிடைத்தது. மைன்ஸில் வெடி வைக்கும் நேரத்தில் எங்கள் டவுன்ஷிப் ஜன்னல்கள் லேசாக ஒரு முறை உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். ஊர்க்காரர்களுக்கு அது உறைக்காது, முள்ளுக்கு உறைக்கும். அதற்காக ஒரு சைக்கிள் டியூபில் பாதிக் காற்றடித்துத் தரையில் வைத்து, மேலே மிச்சமான ஒரு கடப்பைக் கல்லைப் போட்டு, அதன்மேல் பிளேயரை வைத்தேன். இன்றைக்கும் அதுதான் என் ஸ்டூடியோ. தட்டுகளைக் கழுவ இன்வெர்ட்டருக்கு வாங்கும் பேட்டரித் தண்ணீரும், குழந்தைகளுக்கான பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். இவ்வளவுதான் செலவு. மிச்சமெல்லாம் பொறுமை, அதற்குக் கடையே இல்லை.

இனி ஜாபர் பாய்.

வடலூரில் பஸ்கள் வரிசையாக நின்று புழுதி கிளப்பும் சாலையில் அவருக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. அவர் குடம் விற்பதை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு கையில் குடத்தை ஏந்துவார், மறு கையின் மோதிரத்தால் ஒரு தட்டு தட்டுவார். டங். ‘கேட்டுக்கோங்கம்மா, கனம் பேசுது’ என்பார். பக்கத்துக் குடத்தைத் தட்டுவார். டிங். ‘இது வெறும் வாயி.’ வாங்க வந்த அம்மா சிரித்துக்கொண்டே கனமானதை வாங்கிப் போய்விடுவார். இட்லிப் பானை வாங்கப் போன மங்கையிடம்தான் நான் செய்யும் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்.

ஒரு நாள் ஸ்கூட்டரில் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். இரண்டு எவர்சில்வர் தாம்பாளங்களை வாயோடு வாய் கவிழ்த்து, துண்டால் கட்டியிருந்தார். ஏதோ சீர் கொண்டுவருகிறார் என்று மங்கை நினைத்துவிட்டாள். உள்ளே ஒரு சின்ன இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் இருக்கிற வகை.

‘சார், இது எங்க அத்தா பாடுனது’ என்று தன் அப்பாவைச் சொன்னார். பிறகு உண்மைக்கு அஞ்சியவர் போலத் திருத்தினார். ‘பாடுனதுன்னா, பின்னால பாடுனது.’

லேபிளைப் பார்த்தேன். பாட்டுக்காரர் ஒருவரின் பெயர். அதன் கீழே ‘குழுவினர்’ என்று ஒரே சொல்.

‘இந்த குழுவினர்ல ஒருத்தர்தான் எங்க அத்தா. தப்ஸ் அடிச்சுக்கினே பின்பாட்டு பாடுவாராம். கல்யாண ஊர்வலம், தர்கா கந்தூரி, எல்லாத்துக்கும் போவாங்களாம். நான் தவழ்ந்துக்கினு இருந்தப்பவே மவுத் ஆயிட்டாரு. போட்டோ கெடையாது சார். ஒண்ணு கூட. அந்தக் காலத்துல எங்க வூட்டுல எடுக்க மாட்டாங்க. மூஞ்சி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது.’

தப்ஸ் என்றால் வட்ட மரச்சட்டத்தில் தோல் கட்டிய தாளக்கருவி. ஒரு கையால் பிடித்து மறு கையால் அடிப்பார்கள்.

‘வர்ற மாசம் பொண்ணுக்கு நிக்காஹ். மேல்பட்டாம்பாக்கத்துல, எங்க பழைய வூட்டுல. அன்னைக்கு இந்தப் பாட்டைப் போடணும். பேத்தி கல்யாணத்துல அவரும் இருந்த மாதிரி ஆவும் இல்ல?’ என்றவர், குரலைத் தாழ்த்தினார். ‘அதுக்கு மின்னாடி எனக்கு ஒரே ஒரு உதவி. அந்தக் கொரல்ங்கள்ல எங்க அத்தாவை மட்டும் பிரிச்சுக் குடுங்க. கம்ப்யூட்டர்ல இப்பல்லாம் பண்றாங்களாமே.’

‘எது உங்க அத்தா குரல்னு தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா, பாய்?’

‘அம்மாவைக் கேட்டேன். ஏழெட்டு ஆம்பளைங்க ஒண்ணா கத்துனா, புருசன் கொரலை மட்டும் பொடைச்சு எடுக்க இது என்ன அரிசியாடான்னு கேக்குது.’

மங்கை உள்ளே சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே மைக்கின் முன்னால் தோளோடு தோள் நின்று பாடியிருக்கிறார்கள். அவர்களைப் பிரிக்க எனக்குத் தெரியாது. பிரித்தாலும் இதுதான் அவர் என்று சொல்ல ஆள் இல்லை. இதை மழுப்பாமல் சொன்னேன். நீங்களும் மழுப்பாதீர்கள், கேட்பவர் கண்ணில் தெரியும் ஆசையைப் பார்த்து, முயற்சி செய்கிறேன் என்று ஒரு பொய்யை அட்வான்ஸாகக் கொடுக்காதீர்கள்.

அவர் வாசலுக்குப் போனார். எங்கள் இரும்பு கேட்டை மோதிரத்தால் தட்டிக்கொண்டே நின்றார்.

‘சரி சார். குழுவோட குழுவா இருந்துட்டுப் போறாரு. கீறல் சத்தம் இல்லாம, புதுசு மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க.’

தட்டைக் கழுவினேன். பள்ளங்களிலிருந்து வந்த அழுக்கு பழுப்பாக இருந்தது. எங்கள் ஊர்க் காற்று எத்தனை வருஷமாக அதில் குடியிருந்ததோ. காயவைத்து, முள்ளை இறக்கி, பதிவு செய்தேன். பாட்டு வந்தது. அலை மாதிரி எழும் ஒரு குரல், அதன் பின்னால் கரை மாதிரி குழுவினர், அடியில் தப்ஸ். நடுநடுவே டக், டிக், டக் என்று பொரியும் கீறல்கள்.

கீறல்களை எடுக்க மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. உங்களுக்கெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அழுத்தினேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பாட்டு குளித்துவிட்டு வந்த பிள்ளை போல நின்றது. ஜாபர் பாய்க்கு அனுப்பினேன். உடனே குரல்பதிவு வந்தது.

‘சார்! நேத்து பாடுன மாதிரி கீது சார்! கடையில எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டேன்!’

வேலை முடிந்தது. முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மங்கை சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடித்துப்போய் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தாள்.

‘ஏங்க, இந்தத் தாளம் ஏன் நொண்டுது?’

‘எங்க நொண்டுது?’

‘நல்லாத்தான் நடந்து வருது. திரும்புற எடத்துல ஒரு காலைக் காணோம். படியில ஒரு படி இல்லாத மாதிரி. கேளுங்க... இந்தா, இங்க.’

எனக்குக் கோபம் வந்தது. வாடிக்கையாளர் கொண்டாடிவிட்டார், இவள் குறை சொல்கிறாள். ஆனால் காது கோபப்படவில்லை. காதுக்கு அவள் சொன்னது கேட்டுவிட்டது. தாளம் ஒரு சுற்று முடிகிற இடத்தில், கை முழுக்கத் தோலில் விழ வேண்டிய இடத்தில், ஒரு பல் விழுந்த ஓட்டை.

கணினியில் இருந்த, கீறல் எடுக்காத முதல் பதிவைத் திறந்தேன். (அதை நான் எப்போதும் அழிப்பதில்லை. நீங்களும் அழிக்காதீர்கள். வட்டில் இடமில்லை என்றால் உங்கள் கல்யாண வீடியோவை அழியுங்கள்.) அந்த இடங்களிலெல்லாம் ஒரு ‘டக்’ இருந்தது. பொத்தான் அதைக் கீறல் என்று பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. அது கீறல்தானா?

எனக்குள் பழைய கன்வேயர்க்காரன் எழுந்து உட்கார்ந்தான். ஓடுற சத்தமா? நிக்கிற சத்தமா?

குளியலறைக் கண்ணாடியில் மங்கை ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் ஒன்றைப் பிய்த்து வந்தேன். தட்டை வைத்துச் சுழற்றும் வட்டத்தின் விளிம்பில் ஒட்டினேன். எதிரே ஒரு தீக்குச்சியை நிறுத்தினேன். பொட்டு தீக்குச்சியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சுற்று முடிகிறது என்று கணக்கு. தட்டில் குறுக்கே ஒரு கீறல் விழுந்திருந்தால் அது பக்கத்துப் பக்கத்துப் பள்ளங்களை ஒரே இடத்தில் வெட்டியிருக்கும். ஆகவே அதன் சத்தம் சுற்றுக்கு ஒருமுறை, பொட்டு அதே இடத்தில் இருக்கும்போது வரும். அது ஓடுகிற சத்தம். தட்டோடு ஒட்டிக்கொண்ட நோய்.

முள்ளை இறக்கினேன். பொட்டு வந்தது, டிக். பொட்டு வந்தது, டிக். இவை கீறல்கள், ஒப்புக்கொள்கிறேன். இப்போது அந்த மற்றொரு டக். ஒருமுறை பொட்டு வருவதற்கு முன்னால். ஒருமுறை வந்து கடந்த பின்னால். ஒருமுறை எதிர்ப்பக்கத்தில். தட்டு எங்கே இருக்கிறது என்ற கவலையே அதற்கு இல்லை. அது பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டு திரும்பும் இடத்தில், அங்கேயே, அசையாமல் நின்றது.

‘மங்கை!’ என்று கத்தினேன். ‘இது கீறல் இல்ல. இது ஒரு கை!’

‘என் பொட்டு எங்க?’ என்றாள் அவள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எந்தப் பொத்தானும் செய்யாது. ஒவ்வொரு டிக்காகப் போய்க் கேட்டேன். தட்டோடு ஓடுவதா, எடு. பாட்டோடு நிற்பதா, தொடாதே. பொங்கிய பாலைக் கவனிக்காமல் விட்டேன், ரேஷன் கடையை மறந்தேன், மங்கை இரண்டு ஷிப்ட் போய்வந்தாள். முடிந்தபோது பாட்டு சுத்தமாக இருந்தது, அதன் காலும் திரும்ப வந்திருந்தது. என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்த வேலைகளை எழுதச் சொன்னால் இது மழைநாள் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வரும்.

ஜாபர் பாய்க்கு அனுப்பினேன். போன் வந்தது.

‘இன்னா சார் இது? நல்லா இருந்ததைக் கெடுத்து வச்சிகீறீங்க. டக்கு டக்குன்னு அடிக்குது.’

‘பாய், அது கீறல் இல்ல. தப்ஸ் அடிச்ச யாரோ ஒருத்தர் கையில ஏதோ இருந்திருக்கு. மரச்சட்டத்துல படுற சத்தம்.’

‘யாரு கை?’

‘அது தெரியாது.’

‘தெரியாத கையை எங்க வூட்டுக் கல்யாணத்துல இன்னாத்துக்கு சார் வைக்கணும்? எனக்கு மொத அனுப்பினதே போதும். சொந்தக்காரங்க முன்னால கீறல் தட்டைப் போட்டான் ஜாபர்னு பேசுவாங்க. மைக்செட் பாலுகிட்டயும் சொல்லிட்டேன். பென் டிரைவ்ல அதையே போட்டுக் கொண்டாந்துடுங்க.’

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. தட்டு அவருடையது, கல்யாணம் அவருடையது. மங்கையும் அதையே சொன்னாள். ‘கேட்டதைக் குடுத்துட்டு பிரியாணி சாப்பிட்டு வாங்க. கல்யாண வீட்டுல போய் வாத்தியார் வேலை பாக்காதீங்க.’

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் இந்தத் தொழில் இருக்கிறது. கேட்டதைக் கொடுப்பது நியாயம். காதில் விழுந்ததைச் சொல்லாமல் கொடுப்பது நியாயமில்லை. நான் இரண்டையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்திய சாயங்காலம். மேல்பட்டாம்பாக்கத்து வீட்டின் முன்னால் பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். பாலு மைக்செட்டைச் சோதித்துக்கொண்டு, ‘அலோ, அலோ’ என்று தெருவையே விசாரித்துக்கொண்டிருந்தான். பந்தலுக்குள் நாற்காலிகள், கூட்டமாகப் பெண்கள், நடுவில் ஒரு மலை பூண்டு. பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர்களில் மூத்தவர் ஜாபர் பாயின் அம்மா. என்னைப் பார்த்து, ‘வாங்க, தட்டுக்காரரா? ஒக்காருங்க’ என்றார், கத்தியை நிறுத்தாமல்.

பாலு முதல் கோப்பைப் போட்டான். புதுப்பாட்டு மாதிரி கணீரென்று தெரு முழுக்க. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஜாபர் பாய் அம்மாவைப் பார்த்தார். அம்மா உரித்துக்கொண்டே தலையாட்டினார். பக்கத்து வீட்டுப் பாட்டுக்கு ஆட்டுகிற தலை அது.

‘நல்லாத்தான் பாடுறாங்க’ என்றார்.

ஜாபர் பாயின் முகம் கொஞ்சம் வாடியதை நான் பார்த்தேன். இதற்காகவா தாம்பாளத்தில் கட்டிக்கொண்டு வந்தார்?

‘பாய், ஒரே ஒரு தடவை மத்ததைப் போடச் சொல்லுங்க’ என்றேன். ‘பிடிக்கலன்னா இங்கயே, உங்க முன்னாலயே அழிச்சிடறேன்.’

‘வுடமாட்டீங்களே சார்’ என்றார். பாலுவுக்குக் கை காட்டினார்.

பாட்டு எழுந்தது. குழுவினர் எழுந்தார்கள். தாளம் ஒரு சுற்று வந்து திரும்பும் இடத்தில், டக்.

கத்தி நின்றது.

மறுபடி, டக்.

‘அடப்பாவி மனுசா’ என்றார் அம்மா. யாரைச் சொல்கிறார் என்று எல்லோரும் திரும்பினார்கள். ‘மோதிரம் அடிக்குது பாரு.’

‘அது கீறலும்மா’ என்றார் ஜாபர் பாய்.

‘கீறலா? போடா. அந்த மோதிரத்தால நான் கேட்ட பேச்சு எவ்ளோ தெரியுமா ஒனக்கு? தப்ஸ் அடிக்கிறவன் மோதிரம் போடலாமா, கழட்டுய்யான்னு பாட்டுக்காரரு தெனம் திட்டுவாரு. கழண்டாத்தானே? சோப்பு போட்டாச்சு, எண்ண போட்டாச்சு, வெரலு வீங்குனதுதான் மிச்சம். தட்டு எடுக்கப் போன அன்னைக்கும் அதே சண்டை. வூட்டுக்கு வந்து சிரிக்கிறாரு, என் பேரை லேபில்ல போட மாட்டாங்களாம், அதனால என் மோதிரத்தை உள்ள போட்டுட்டேன்னு.’

பந்தலே சிரித்தது. ஜாபர் பாய் மட்டும் சிரிக்கவில்லை.

‘ஏம்மா, இத்தினி வருசமா ஏன் சொல்லல?’

‘நீ கொரலைக் கேட்ட. மோதிரத்தைக் கேட்டியா?’ அம்மா பூண்டு ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார். ‘மவுத் ஆனப்ப குளிப்பாட்டணுமே, அப்பவும் கழட்ட வரல. அறுத்துத்தான் எடுத்தாங்க. அப்பறம் பத்தர்கிட்ட குடுத்து ஒட்டி வச்சிருந்தேன், ஒன் கல்யாணத்துக்குப் போட்டுவுட்டேன்.’

ஜாபர் பாய் கையைத் திருப்பினார். வெள்ளி மோதிரம், சிவப்புக் கல். உள்பக்கத்தில் மெல்லிய ஒரு கோடு. ஒட்டிய இடம். வருஷக்கணக்கில் அதைப் பார்த்திருப்பார், மட்டமான வேலை என்று நினைத்திருப்பார். எனக்கு ஜாயின்ட் என்று ஒரு சொல் தொண்டைவரை வந்து நின்றது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் பந்தல்காலில் சாய்ந்து நின்றார். எதுவும் யோசித்துச் செய்யவில்லை. கடையில் குடத்தைத் தட்டுகிற அதே கைதான். தாளம் திரும்பும் இடத்தில் அந்தக் கை மரத்தில் விழுந்தது. டக். ஒலிபெருக்கியிலும் டக். இரண்டு சத்தமாக அது கேட்கவில்லை. அடுத்த சுற்று. டக். அடுத்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். எனக்கு அணைத்ததுபோல் யாரும் டார்ச்சை அணைக்கவில்லை, அவராகவே மூடிக்கொண்டார். பெண்கள் பூண்டை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பார்க்கவில்லை. அவர் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. பாலு மைக்கின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

‘பாய், நாளைக்கு எதைப் போடறது? கீறல் இல்லாததா, கீறல் இருக்கறதா?’

‘கீறல்னு சொல்லாதடா’ என்றார் ஜாபர் பாய். ‘எங்க அத்தா இருக்கறதைப் போடு.’

மறுநாள் நான் பிரியாணி சாப்பிட்டேன். மங்கையும் வந்தாள், புதுப் பொட்டோடு. பழைய பொட்டு இன்னும் அந்த வட்டத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. எந்தத் தட்டு வந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. கோப்பில் பாடியவர், வாசித்தவர் பெயர்களை எழுதும் கட்டம் இருக்கும், உங்களில் பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறீர்கள். ஜாபர் பாயை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டு, அரிசி டின் மேல் உட்காரவைத்து, அந்தக் கட்டத்தைக் காட்டினேன். பாட்டுக்காரர் பெயர் இருந்தது. ‘குழுவினர்’ இருந்தது. அதற்குப் பக்கத்தில் அத்தா பெயரை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: தப்ஸ், மைதீன் பாட்சா.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். மோதிரத்தால் அரிசி டின்னை ஒரு தட்டு தட்டினார்.

‘மோதிரத்தோடன்னு போடுங்க சார்.’

போட்டேன்.